கும்பிடாமல் கேட்டவள்

அவளுக்குக் கும்பிடவே தெரியாது என்று எங்கள் ஆபீஸில் சொல்வார்கள். சுத்தப் பொய். ஆடி மாதம் கெங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க அவள் கும்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனைக் கும்பிட மாட்டாள், அவ்வளவுதான். அப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அதனால் இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு யூனிபாரம் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். எவனோ ரிட்டயர்டு ஆசாமி நம் குடும்பத்தைப் பற்றி எழுதிவிட்டான் என்று அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நான் கிராம நிர்வாக அலுவலராகப் போனபோது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். பரீட்சை எழுதி எழுதி, வயசு தாண்டிவிடப் போகிறது என்கிற நேரத்தில் கிடைத்த வேலை. அதனால் வேலை போய்விடுமோ என்கிற பயமும் ஜாஸ்தி, நாற்காலி மேல் மோகமும் ஜாஸ்தி. ஊர்க்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். காலனிக்காரர்கள் படிகூட ஏற மாட்டார்கள். நின்றபடியே மனுவை நீட்டுவார்கள். இது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏறி வாங்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பது சௌகரியமாக இருந்தது.

அவள் காலனிக்காரி. நான் போன முதல் வாரமே படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். குள்ளமான உருவம், அறுபதைத் தாண்டிய வயசு, புகையிலை அடக்கிய கன்னம். காதில் கம்மல் கிடையாது, ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். எங்கள் தலையாரி பதறிப்போய் எழுந்திரு என்று கத்தினார். உட்காரத்தானே பெஞ்சு போட்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா நைனா, புதுசா வந்துக்கிறியா?"

அவளுக்கு ஆண்கள் எல்லோரும் நைனாதான். ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், தாசில்தார், எல்லோருக்கும் அதே நைனா, அதே 'நீ'. இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கூடுதல் மரியாதையும் இல்லை. எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ரேஷன் கடைக்குப் போகிற நாளில் வரிசை நகராது. மண்ணெண்ணெய் ஊற்றினால், நுரை அடங்குகிறவரை கேனை எடுக்க மாட்டாள். அடங்கினதும் குறைகிற அளவை ஊற்று என்பாள். அரிசியில் தராசு முள் நிற்பதற்குள் கொட்டினால், திரும்பப் போட்டு நிறு என்பாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவளுக்குச் சரியாக ஊற்றிவிட்டு அடுத்தவளுக்குக் குறைத்து ஊற்ற அந்தக் கடைக்காரருக்குக் கை வராது என்பதால், அவளுக்குப் பின்னால் நிற்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல், சர்க்கார் சும்மா கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு சட்டமா பேசுகிறாய் என்று கேட்டுவிட்டார்.

"இன்னா, உன் வூட்டுதா?" என்றாள். அவர் அளவுக் குவளையைக் கீழே வைத்தார். "இல்லல்ல? அப்ப ஒயுங்கா ஊத்து."

இந்த 'உன் வூட்டுதா' அவளுக்கு வாயில் எப்போதும் இருந்தது. சண்டைக்குக் கேட்கிற மாதிரி இருக்காது. நிஜமாகவே விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். அதுதான் கேட்டவனுக்கு எரிச்சல்.

அந்தப் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுத்தோம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் மேடை. ஒரு கட்சிப் பிரமுகர் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். நான் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவள் முறை வந்தது. ஏறினாள், வாங்கினாள், இறங்கவில்லை. மேடையிலேயே சேலையை உதறிப் பிரித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முந்தானைப் பக்கம் ஒரு சாண் கிழிசல். வேறு கொடு என்றாள். கூட்டம் சிரித்தது. பிரமுகருக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு கும்பிடு போடக்கூடத் தெரியவில்லை, இதில் குறை வேறா என்றார்.

"கும்பிட்டா கிழிசல் ஒட்டிக்குமா நைனா?" என்று கேட்டாள்.

வேறு சேலை கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிரமுகரிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஊரைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதவனெல்லாம் எதற்கு இந்த வேலைக்கு வருகிறான் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் என் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். என்ன செய்வது, மேடையில் பேசினவள் மேல் விழ முடியாதே.

திமிர் பிடித்தவள் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் அந்தத் திமிர் இல்லாவிட்டால் காலனியில் பாதிப் பேருக்கு ஒன்றும் வந்து சேர்ந்திருக்காது. எந்தத் திட்டம் வந்திருக்கிறது என்று எனக்குச் சர்க்குலர் வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். சுங்குவார்சத்திரத்துக்குக் கீரைக் கட்டு விற்கப் போவாள். அங்கே டீக்கடையில் யாராவது பேப்பர் படித்தால் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். பிறகு புருஷனை இழந்தவளை, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவனை, கூரை போனவனை, கையைப் பிடித்து இழுத்து வந்து என் பெஞ்சில் உட்கார்த்துவாள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அவர்கள் நெளிந்தால் விலாவில் இடிப்பாள். தனக்கென்று மட்டும் அதுவரை அவள் எதுவும் கேட்டதில்லை. கை கால் ஓடுகிறவரை களை எடுத்தாள், நாற்று நட்டாள்.

தொண்ணூறாம் வருஷக் கடைசியில்தான் தனக்காக வந்தாள். முதியோர் உதவித்தொகை வேண்டும் என்றாள். குனிந்தால் நிமிர முடியவில்லை, யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று சொன்னாள். சொல்லும்போதும் குரல் இறங்கவில்லை.

அந்த உதவித்தொகைக்கு அப்போது ஒரு விதி இருந்தது. ஆதரவற்றவர்களுக்குத்தான் கிடைக்கும். வயது வந்த மகன் இருந்தால் கிடையாது. மகன் இருக்கிறான் என்றால் சோறும் இருக்கிறது என்று விதி எழுதினவர்கள் நினைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. மகனே அம்மாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆபீஸுக்குக் கூட்டி வருவான். பிடித்து இறக்கிவிடுவான். அவள், எனக்குப் பிள்ளையே இல்லை சாமி என்பாள். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். ரேகை வைக்க மை டப்பாவைத் திறந்து பிடிப்பவனும் அவன்தான். நான் ஆண் வாரிசு இல்லை என்று எழுதுவேன். வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., கையெழுத்துப் போடுவார். வேலை முடிந்ததும், இல்லாத மகன் இருக்கிற அம்மாவை மறுபடி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். இப்படி ஏழு அம்மாக்கள் எங்கள் ஊரில் மணியார்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் பொய் என்று நினைத்ததே இல்லை. மனு எழுதுகிற முறையே அதுதான் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதே பழக்கத்தில் பேனாவைத் திறந்துகொண்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன்.

"ஒருத்தன். கல்லு ஒடிக்கிறான்."

மகன் இருக்கிறான் என்று எழுதினால் கிடைக்காது, இல்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். இருக்கிறவனை எதற்கு இல்லை என்று எழுதுவாய் என்று கேட்டாள். ஏழு பேர் கதையையும் சொன்னேன். அது அவர்கள் பாடு என்றாள். சரி, மகன் கைவிட்டுவிட்டான் என்று எழுதட்டுமா என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்க வுட்டான்? அவன் குடிக்கிற கூழுலதான் எனக்கும் ஊத்துறான். அவனுக்கே பத்தல."

இது ஆதரவற்றவர்களுக்கான திட்டம், அநாதைகளுக்குத்தான் பணம் என்று நானும் குரலை உயர்த்தினேன்.

"நான் அநாத இல்ல நைனா. ஏழ. ஏழைன்னு எழுது."

ஏழை என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. வயசுக்கு இடம் இருந்தது, அங்க அடையாளத்துக்கு இடம் இருந்தது, வாரிசுக்கு இடம் இருந்தது. பசிக்கிறவள் ஏழை என்பதை எழுத மட்டும் இடம் இல்லை. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இஷ்டமிருந்தால் வா, இல்லாவிட்டால் போ என்று தாளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். அவள் எழுந்து போனாள்.

மறுநாள் அவள் மகன் வந்தான். ஒரகடம் பக்கத்துக் கல்குவாரியில் கூலி. மூன்று குழந்தைகள். தலைமுடியெல்லாம் கல்தூள். படியேறாமல் கீழேயே நின்றான். நான் இல்லை என்றே போட்டுக்கொள்ளுங்கள் சார், அது அப்படித்தான் பேசும் என்றான். அவள் ரேகை இல்லாமல் முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

தை முடிவதற்குள் குவாரியில் அவன் கால் மேல் கல் சரிந்து மூன்று விரல்கள் நசுங்கின. குவாரிக்காரர் ஒரு கட்டுப் போடக் காசு கொடுத்ததோடு சரி. வேலைக்குப் போகாதவனுக்குக் கூலி எங்கே? அவன் பெண்டாட்டி ஒருத்தி நடவுக்குப் போய்க் கொண்டுவந்ததில் ஆறு வயிறு. ஒருநாள் அடங்கலில் பயிர்க் கணக்கு எழுத வயல் பக்கம் போனேன். வரப்பில் பெண்கள் கூட்டம். நடுவில் இவள் கிடந்தாள். கெஞ்சிக் கேட்டு அரைக் கூலிக்கு இறங்கியிருக்கிறாள், மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். வெயில் என்றாள். காலை எட்டு மணிக்கு என்ன வெயில்? பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு இரண்டு நாளாக நீச்சத் தண்ணியில் ஓட்டியிருக்கிறாள் என்று மருமகள் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. நேராக ஆபீஸுக்கு வந்து மனு எழுதினேன். வெறுமனே மகன் இல்லை என்று எழுதினால், பழைய குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதே என்று ஆர்.ஐ. கேட்பார். அதனால், ஒரே மகன் இறந்துவிட்டார் என்று எழுதினேன். தாளை எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்கே போனேன். ரேகை வை என்றேன். மையில் விரலைத் தொடுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, ஏழைன்னு எழுதினியா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சித்திரை மாதம் முதல் மணியார்டரும் உத்தரவு நகலும் சேர்ந்து வந்தன. பணத்தைக் கையில் கொடுத்த தபால்காரர், உத்தரவில் என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்டதால் தெருவில் நின்றபடியே வாசித்தார். ஒரே மகன் இறந்துவிட்ட நிலையில், ஆதரவற்ற விதவை. அதோடு அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். நோட்டுகளைத் திரும்ப அவர் பையிலேயே போட்டாள். காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்த மகன், வாங்கிக்கோம்மா, நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, அவர்கள் எழுதினால் செத்துவிடுவேனா என்று கெஞ்சியிருக்கிறான்.

"உன்ன சாவடிச்சிட்டு வர்ற சோறு எனக்கு எறங்காது" என்றாளாம்.

தபால்காரர், 'வாங்க மறுத்தார்' என்று தாளில் எழுதிக்கொண்டு என் ஆபீஸுக்கு ஓடி வந்தார். இருபது வருஷ சர்வீசில் பசியோடு இருக்கிற ஒருத்தி மணியார்டரைத் திருப்பி அனுப்பி அவர் பார்த்ததில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் படியேறினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏழைன்னு எழுதினேன்னு சொன்னியே நைனா."

என்னென்னவோ உளறினேன். உன் நல்லதுக்குத்தான் என்றேன். விதி அப்படி என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அழிச்சிடு என்றாள். உத்தரவு ஆகிவிட்டது, அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

"எழுத மட்டும் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஜமாபந்தியில் மனு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் மேலதிகாரி வந்து உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்கிற நாள் அது. ஜனங்கள் நேராக அவரிடமே மனு கொடுக்கலாம். கிராம அதிகாரிகள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவள் வாயைத் திறந்தால் என் வேலைக்கு ஆபத்து. அதைவிட, அந்த ஏழு பேருக்கு ஆபத்து.

ஏழு அம்மாக்களும் சேர்ந்து அவள் குடிசைக்குப் போனார்கள். நீ கத்தினால் விசாரணை வரும், வந்தால் எங்கள் மணியார்டரும் நின்றுவிடும், எங்கள் வாயில் மண்ணைப் போடாதே என்று அழுதார்கள். உங்கள் வீட்டுக் கதையை நான் எதற்குச் சொல்லப்போகிறேன் என்றாள். அவர்கள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கீரை பறிக்கப் போனால் கூட வருவதில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்க அவள் குடத்தை வைத்தால் நகர்த்தி வைத்தார்கள். முன்பு வேறு உதவிக்காக அவள் கையைப் பிடித்து இழுத்து வந்ததால் என் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் அந்த ஏழு பேரில் உண்டு. அது அவளுக்கு வலித்திருக்கும். வலித்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வருஷம் ஜமாபந்தி தள்ளிப்போனது. ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்கப்புறம் எங்கள் பக்கத்து ரோட்டில் போலீஸ் வண்டியைத் தவிர வேறு வண்டி பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. தேர்தல் முடிந்து, ஆட்சி மாறி, ஒருவழியாக நாள் குறித்தார்கள். நடுவில் நான் மூன்று தரம் அவளிடம் ஆள் அனுப்பினேன். ஒருதரம் நானே போனேன். எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். வெட்கம் கெட்ட பேச்சுதான். அவள் என் பெண்களின் பெயரைக் கேட்டாள், எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டாள். மனுவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மெமோ வந்தது, ஓர் இன்கிரிமென்ட் நின்றது, வேலை போகவில்லை. ஆறு மாதம் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ வழக்கம்போல, இன்னா நைனா என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர்கள் மனுவைப் பற்றிப் பேசுவாள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்குமேல் இருந்தாள். ஏழை என்று எழுதிப் பணம் கொடு என்று ஒவ்வொரு ஜமாபந்தியிலும் அதே மனு கொடுத்தாள். கடைசிவரை அவளுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுதினால் படிக்கிற உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் பாவம் குறையும். நடக்காததை எப்படி எழுதுவது? ஒருதரம் எழுதிப் பட்டது போதும்.

ஜமாபந்தி அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸ் முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் முறை வந்தது. கணக்குகளை அடுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். அந்தப் பொங்கல் சேலையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் மகன், ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, துவைத்த சட்டையில். கூட்டத்தின் பின்னால் ஏழு பேரில் நான்கு பேர் நிற்பதையும் பார்த்தேன். என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க வந்திருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் எல்லோரும் குனிந்து கும்பிட்டுத்தான் மனுவை நீட்டினார்கள். அவள் வலது கையால் மனுவை வைத்துவிட்டு, இடது கையால் மகன் தோளைப் பிடித்து முன்னே நிறுத்தினாள்.

"இவன்தான் நைனா என் புள்ள. செத்துட்டான்னு எழுதிக்கிது. பாத்துக்கோ."

அதிகாரி மனுவைப் படித்தார். மகனைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யார் இப்படி எழுதினது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

"இதான் எழுதிச்சு. நல்ல புள்ளதான். என் பசியப் பாத்துட்டு எழுதிச்சு. ஆனா பொய்."

தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி விவரமானவர். பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே, உங்கள் ஊரில் மற்றவர்களும் இப்படித்தான் வாங்குகிறார்களா என்று அவளைக் கேட்டார். பின்னால் நின்ற நான்கு பேரும் மூச்சு விட்டார்களோ இல்லையோ தெரியாது. நான் விடவில்லை.

"மத்தவங்க வூட்ட எதுக்கு என்ன கேக்குற? அந்த மனுவுல என் பேருதான கீது" என்றாள்.

அதிகாரி மேற்கொண்டு கேட்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். குரலைத் தணித்து, மகன் கவனிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நான் மறுபடி பரிசீலிக்கச் சொல்கிறேன் என்றார். மகன் உடனே தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு வரி. அவள் ஊம் என்றால் போதும், மாசா மாசம் சோறு. சொல்லித் தொலையேன் கிழவி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் மகனைக் காட்டினாள்.

"நேத்து இன்னா துன்னன்னு இவன கேளு. அத்த எழுது. அப்பால நான் இன்னா துன்னேன்னு கேளு. அத்தயும் எழுது. ரெண்டயும் பாத்துட்டு இவன் கவனிக்கலன்னு நீ சொல்லு."

அதிகாரி இரண்டையும் கேட்கவில்லை. அந்தக் குச்சியையும் கட்டுப் போட்ட காலையும் பார்த்தார். விதியில் இடமில்லை அம்மா என்றார். பிறகு என்னையே மனுப் பதிவேட்டில் எழுதச் சொல்லி உத்தரவைச் சொன்னார். இரண்டு வரிகள். மனுதாரரின் மகன் உயிருடன் உள்ளார். மனுதாரருக்கு வழங்கப்பட்ட உதவித்தொகை ரத்து செய்யப்படுகிறது.

சத்தமாகப் படி என்றாள். படித்தேன். மறுபடி படி என்றாள். மறுபடியும் படித்தேன். உத்தரவு தெரிந்துகொண்டேன் என்பதற்கு அவள் ரேகை வைக்க வேண்டும். மை டப்பாவை நீட்டினேன். இடது கட்டை விரலைத் தோய்த்துக்கொண்டு, முதல் வரி எதோடு முடிகிறது என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். அந்த இடத்திலேயே, இரண்டு வரிகளுக்கும் நடுவில், விரலை அழுத்தி வைத்தாள்.

அங்கே இல்லை, கீழே என்றார் அதிகாரி.

"மொத வரி நெசம். அதுக்கு வெச்சிட்டேன். ரெண்டாவது உன்னுது. நீ வெச்சிக்கோ" என்றாள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். மகனிடம் குச்சியை எடுத்துக் கொடுத்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

ரேகைக்குப் பக்கத்தில், வைத்தவர் இன்னார்தான் என்று கிராம அதிகாரி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போடுகிற இடம் பக்கத்தின் அடியில்தான். பேனாவை எடுத்தேன். ஏற்கெனவே மெமோ வாங்கப்போகிறவன், இதற்கும் ஒன்று வாங்கினால்தான் என்ன என்று தோன்றியது. முதல் வரிக்குக் கீழே, அவள் ரேகையை ஒட்டி, என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கேயா போடுவது என்று அதிகாரி கேட்டார்.

"ரேகை அங்கதானுங்க சார் இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டாவது வரிக்குக் கீழே அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.